மரத்தில் ஒரு பச்சைப் பெட்டி

புத்தகத்தைச் செய்கிறவள் நான்தான் என்று பல வருடம் நம்பியிருந்தேன். பக்கம் அமைக்கிறவள், அச்சடிக்கிறவர், மடித்து ஒட்டுகிறவர், கொண்டுபோய்க் கொடுக்கிறவர் எல்லாரும் நான் செய்ததைக் கெடுக்காமல் இருந்தால் போதும் என்பது என் எண்ணம். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணத்தை என் தலையிலிருந்து இறக்கிவைத்த நாலு பேருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால், அது எவ்வளவு பாரமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் பதிப்பகம் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான வேலணையில் ஒரு பழைய கல்வீட்டில் இருக்கிறது. தெற்கில் கடை வைத்து உழைத்த குடும்பம் கட்டிய வீடு. அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது மூன்று நாடுகளில். அவர்களில் புத்தகப் பைத்தியம் பிடித்த ஒருவர்தான் எங்கள் முதலாளி. வருடத்துக்கு ஒரு தடவை நேரில் வருவார். மற்ற நாட்களில் தொலைபேசித் திரையில் வந்து, எங்கள் முகத்தில் வெளிச்சம் போதாது என்று சொல்லிவிட்டுப் போவார்.

வீட்டின் அறைகள்தான் எங்கள் பகுதிகள். முன்கூடமான ஹோலில் எழுத்துப் பகுதி, அதாவது நானும் ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும். சாமியறையில் வடிவமைப்பு. குளிரூட்டி பூட்டுகிற அளவுக்குக் கதவு இறுக்கமாக இருந்தது அந்த ஓர் அறைக்குத்தான். கணினியில் பக்கம் அமைக்கிறவளை எல்லாரும் தங்கச்சி என்போம்; அவள் இன்றைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவாள். ஒரு காலத்தில் புகையிலை அடுக்கியிருந்த பின்கொட்டிலில் அச்சு இயந்திரங்கள் இரண்டு. ஒன்று பெரியது, கறுப்பு மட்டும் அடிக்கும், வேகமானது. மற்றது சிறியது, எல்லா நிறமும் அடிக்கும், நூறு தாளுக்கு ஒரு தடவை சூடேறி நின்றுவிடும். இரண்டையும் ஒரே அண்ணை பார்த்துக்கொள்கிறார். சமையலறையான குசினியில் கட்டுப் பகுதி. அங்கே மடத்துவெளியைச் சேர்ந்த ஓர் அக்கா தாள்களை மடித்து, அடுக்கி, பசை பூசிப் புத்தகமாக்குவார். விநியோகப் பகுதிக்கு அறை கிடையாது. அது ஒரு வெள்ளை வானும் அதன் சாரதி அண்ணையும்.

நான் மண்டைதீவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். முன்பு ஒன்பது மாதம் தொண்டர் ஆசிரியையாக இருந்த குற்றத்துக்காக எல்லாரும் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு றோஸ் நிறத் தாள் உண்டு. வேலைத்தாள் என்போம். அளவு, தாளின் தடிப்பு, எத்தனை பிரதி, என்றைக்கு முடிய வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். புத்தகம் அறைக்கு அறை போகும்போது அதுவும் கூடப் போகும். ஒவ்வொருவரும் தன் வேலை முடிந்ததும் கையொப்பம் வைத்து அடுத்த அறைக்கு அனுப்புவோம். அந்தத் தாள் ஓடித்திரிந்ததால் நாங்கள் ஓடித்திரிய வேண்டியிருக்கவில்லை. அச்சு அண்ணைக்கு என்னிடம் ஏதாவது கேட்கவேண்டுமென்றால்கூடச் சாமியறை வாசலில் நின்று தங்கச்சியிடம்தான் சொல்வார்: “ரீச்சரிட்டைக் கேளும், உந்தப் படம் தலைகீழாவோ கிடக்குது எண்டு.” நானும் தங்கச்சி மூலமே பதில் அனுப்புவேன். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு சம்பந்தி வீட்டார் மாதிரி நடந்துகொண்டோம்.

கவிதைப் புத்தகமும் ஊர் வரலாறும் எங்கள் பெருமை. சோறு போடுவது நினைவு மலர். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு புத்தகமும் கொடுப்பது வழக்கம். முன்னால் தேவாரங்கள், நடுவில் இறந்தவரின் வாழ்க்கையும் படங்களும், பிறகு பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதிய பிரிவுத் துயர், கடைசியில் வம்ச மரம். எங்கள் ஆட்கள் இந்தப் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பார்கள். மரத்தில் தன் பெயர் இருக்கிறதா, எந்தக் கிளையில் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். பெயர் விடுபட்டதற்காகச் சாப்பிடாமல் எழும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அந்தத் தடவை வந்தது நயினாதீவில் இறந்த ஓர் ஐயாவின் மலர். தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்து, பிறகு ஊரோடு வந்து இருந்தவர். விபரம் எடுக்க நானே படகேறிப் போனேன். ஐயாவின் மனைவி படங்களையும் கடிதங்களையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஐந்து பேர் என்று விரல் மடித்துச் சொன்னார். நாலு பேர் வெளிநாட்டில். மூத்தவர் யுத்தம் முடிந்த காலத்தோடு காணாமல் போனவர். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

எல்லாம் எழுதி முடித்துவிட்டு நான் எழும்பும்போது அம்மா என் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, நீங்கள் அந்த மரத்தில இல்லாத ஆக்களுக்குக் கறுப்புப் போடுறனீங்கள் எல்லோ?”

“ஓம் அம்மா. சாம்பல் நிறத்தில ஒரு பெட்டி.”

“மூத்தவனுக்கு அதைப் போட்டிடாதேங்கோ. புத்தகத்தில வேறை என்ன பிழை விட்டாலும் பரவாயில்லை. அவன் இல்லையெண்டு எனக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை.”

போடமாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் சாமியறை வாசலில் நின்று தங்கச்சியிடம் அதைச் சொன்னேன். வேலைத்தாளில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். தாளின் தடிப்புக்கும் பிரதி எண்ணிக்கைக்கும் நடுவில் ஒரு தாயின் அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. மரியாதை என்று நினைத்தேன். சோம்பலும் சில நேரம் மரியாதையின் சேலையைக் கட்டிக்கொண்டு வரும்.

தங்கச்சி இணையச் செய்தித் தளம் ஒன்றில் வேலை செய்துவிட்டுப் புதிதாக வந்தவள். திரையில் பார்த்துப் பழகிய கண். அவள் மரத்தை மிகவும் அழகாகச் செய்தாள். ஐயாவுக்கும் அவருக்கு முந்தியவர்களுக்கும் சாம்பல் பெட்டி. கீழே ஒரு வரியில், சாம்பல் நிறம் அமரர்களைக் குறிக்கும் என்ற குறிப்பு. வெளிநாட்டுப் பிள்ளைகள் நாலு பேரின் கிளைகளுக்கும் வெளிறிய மஞ்சளும் றோஸும் மாறி மாறி. மூத்தவருக்கு மட்டும் வாழைக்குருத்துப் பச்சை. “அவர் தனிய நிக்கிறார் ரீச்சர், அதுதான் தெரியிற மாதிரி ஒரு நிறம் குடுத்தனான்,” என்றாள்.

நிறத்தில் எடுத்த மாதிரிப் பக்கத்தை வான் அண்ணை நயினாதீவுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். அம்மா அந்தப் பச்சைப் பெட்டியை விரலால் தொட்டுப் பார்த்தாராம். “இது வடிவு,” என்றாராம். எனக்குப் பெரிய நிம்மதி.

பிறகுதான் லண்டனிலிருக்கும் மகள் ஆறு படம் அனுப்பினார். ஐயா கடை வாசலில், ஐயா கப்பலடியில், ஐயா பேரப்பிள்ளையைத் தூக்கியபடி. விடமுடியாத படங்கள். எங்கள் நினைவு மலர்களில் நடுவிலுள்ள எட்டுப் பக்கம் மட்டும்தான் நிறம். வழக்கமாகக் கடைசியில் வருகிற மரத்தையும், நிறம் இருந்ததால், இந்தத் தடவை அந்த எட்டுக்குள்தான் வைத்திருந்தோம். நான் மரத்தைத் தூக்கிக் கடைசித் தாளில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் படங்களை வைத்தேன். எப்படியும் ஆட்கள் பின்பக்கத்தைத்தான் முதலில் திறப்பார்கள் என்று எனக்குள் ஒரு கெட்டித்தன நினைப்பு வேறு. வேலைத்தாளில் “மரம் கடைசித் தாளுக்கு” என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். தங்கச்சி பக்கங்களை மாற்றிவிட்டுக் கையொப்பம் வைத்தாள். அச்சு அண்ணை பெரிய இயந்திரத்தில் அடித்துவிட்டுக் கையொப்பம் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு குசினி அக்கா ஹோலுக்கு வந்தார். அவர் அங்கே வந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. கையில் மடித்த தாள் ஒன்று. விரல் எல்லாம் காய்ந்த பசை.

“ரீச்சர், இதுக்கு ஆர் கறுப்பு வைக்கச் சொன்னது?”

பார்த்தேன். கறுப்பு மையில் மஞ்சளும் றோஸும் வெளிறி வெள்ளைத் தாளோடு தாளாகிவிட்டன. பச்சை மட்டும் போகவில்லை. அது சாம்பலாகி நின்றது. தகப்பனின் பெட்டியும் மகனின் பெட்டியும் ஒரே நிறம். கீழே அந்தக் குறிப்பு, தெளிவாக.

“அவன் மடத்துவெளியில என்ர வகுப்பு,” என்றார் அக்கா. “இவை அப்ப அங்கைதான் இருந்தவை. கணக்குப் பாடம் முழுக்க அவன்ர கொப்பியைப் பாத்துத்தான் எழுதினனான். தாய் மனுசி இவ்வளவு காலமும் அவன்ர படத்துக்கு விளக்கு வைக்கேல்லை. நீங்கள் வைச்சுப் போட்டியள்.”

தாளை வாங்கிக்கொண்டு எழும்பினேன். தங்கச்சியும் அச்சு அண்ணையும் நானும் குசினி வாசலில் கூடினோம். அடுத்த பத்து நிமிடம் நடந்ததைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

“நான் கலரிலதான் குடுத்தனான்,” என்றாள் தங்கச்சி. “கடைசித் தாள் கறுப்பு மையில போகுமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

அச்சு அண்ணை வழமைபோல அவளைப் பார்த்தே எனக்குச் சொன்னார். “நடு எட்டைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பு மை. எந்த நாளும் அப்பிடித்தான். வந்ததை அடிச்சனான்.”

“நான் பக்கத்தைத்தானே மாத்தினனான்,” என்றேன் நான். “தாளில எழுதியும் வைச்சனான்.”

மூன்று பேரும் வேலைத்தாளைக் கையில் எடுத்து எங்கள் கையொப்பங்களை ஒருவருக்கொருவர் காட்டினோம். எல்லாம் சரியாக இருந்தது. அக்கா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“எல்லாரும் சரியாத்தான் செய்திருக்கிறியள். அவனை மட்டும் சாக்காட்டிப் போட்டியள்.”

ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டி. ஐந்நூறு பிரதி அச்சடித்து, மடித்து, அடுக்கி, பசையும் பூசியாயிற்று. என் மனதில் வந்த நினைப்பையும் மறைக்காமல் சொல்கிறேன்: அம்மாவுக்கு வயது போய்விட்டது, கண் அவ்வளவு தெரியாது, சின்னப் பெட்டிதானே, கவனிக்கமாட்டார். இப்படி நினைத்தது வேறு யாருமல்ல, அவருக்கு வாக்குக் கொடுத்த நான். அந்த நினைப்பு எனக்கே கேட்டதும்தான் வாய் தானாகத் திறந்தது. அம்மா கையைப் பிடித்துச் சொன்னதை முழுதாக அவர்களுக்குச் சொன்னேன். தாளில் அதை எழுதாமல் விட்டது என் பிழை என்றும் சொன்னேன்.

அச்சு அண்ணை அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். “இதை முதலே எனக்குச் சொல்லியிருந்தால், நான் மரத்தைத் தனியச் சின்ன மிசினில அடிச்சிருப்பன் ரீச்சர்.” கோபம் இல்லை, உள்ளதைச் சொன்னார். பிறகு அக்காவிடம் திரும்பினார். “அந்த ஒரு தாளை மட்டும் கழட்டலாமோ?”

அக்கா யோசித்தார். கடைசித் தாளை அடியில், முதுகோரத்தில், நக அகலம் விட்டு வெட்டி எடுக்கலாம், அந்த மிச்சத்தில் புதிய தாளை ஒட்டலாம் என்றார். ஒவ்வொன்றும் கையால்தான். ஐந்நூறு தடவை வெட்டு, ஐந்நூறு தடவை ஒட்டு. “ஆனா தாள் மெல்லிசா இருக்க வேணும். நார் நெடுக்க ஓட வேணும். குறுக்க ஓடினா விறைச்சுக்கொண்டு நிக்கும், திறந்தவுடனை ஒட்டினது எண்டு காட்டிக் குடுத்திடும்.”

தாளுக்கும் நார் உண்டு என்பது பத்து வருடமாகப் புத்தகம் செய்கிற எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நிறம் அடிக்கிற தாள் நடுப்பக்கங்களோடு முடிந்துவிட்டது. வான் அண்ணை சனிக்கிழமை விடிய யாழ்ப்பாணம் போய், அக்கா கிழித்துக் கொடுத்த மாதிரித் துண்டைக் காட்டி, இரண்டு கடையில் இல்லையென்று மூன்றாவது கடையில் வாங்கிக்கொண்டு வந்தார். வரும்போது மண்டைதீவுச் சந்தியில் என்னையும் ஏற்றிக்கொண்டார். அது விடுமுறை நாள். ஒருவரையும் நான் வரச் சொல்லவில்லை. போய் இறங்கினபோது சாமியறை வாசலில் தங்கச்சியின் செருப்புக் கிடந்தது. கொட்டிலில் சின்ன இயந்திரம் சூடேறிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமையை நான் மறக்கமாட்டேன். நாங்கள் எல்லாரும் ஒரே அறையில் வேலை செய்த முதல் நாள் அது. அச்சு அண்ணை நூறு நூறாக அடித்துக் கொண்டுவந்தார். இயந்திரம் இளைப்பாறுகிற நேரத்தில் அவரும் குசினியில் குந்தியிருந்து ஒட்டினார். தங்கச்சி ஒவ்வொரு தாளிலும் பச்சை ஒரே மாதிரி வந்திருக்கிறதா என்று யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வெளிறியதை ஒதுக்கினாள். வான் அண்ணை இரும்பு அடிமட்டத்தை அழுத்திப் பிடிக்க நான் வெட்டினேன். அக்காதான் அன்றைக்கு முதலாளி.

“ரீச்சர், உது தமிழ் திருத்துற கத்தியில்லை. நேரா இழுங்கோ.”

“நேராத்தானே இழுக்கிறன்.”

“உங்கட நேர் வடக்கை கயிட்ஸுக்குப் போகுது, புத்தகம் தெற்கை புங்குடுதீவுக்குப் போகுது.”

எல்லாரும் சிரித்தார்கள். அச்சு அண்ணை சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. அவருக்கு முன்பல் ஒன்று இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பால் விடாத பிளேன்ரீ ஆறிப்போக ஆறிப்போகத் திரும்பத் திரும்ப ஊற்றினோம். வெட்டி ஒட்டுகிற ஒவ்வொரு புத்தகத்திலும் என் கை, வான் அண்ணையின் கை, தங்கச்சியின் கண், அச்சு அண்ணையின் மை, அக்காவின் பசை எல்லாம் இருந்தன. இத்தனை நாளும் இப்படித்தான் இருந்திருக்கிறது. நான்தான் காணவில்லை.

பின்னேரம் நாலு மணிக்குக் கடைசிப் புத்தகத்தைப் பாரக்கல்லுக்குக் கீழே வைத்தோம். பிழைத்தாள்கள் ஐந்நூறும் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. கழிவுத்தாளை வழமையாக வடைக் கடைக்காரர் வந்து எடுத்துப் போவார். அச்சு அண்ணை அவருக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

“அவன்ர பேரில வடை மடிக்கவோ? ஏலாது,” என்றார் அக்கா.

“அப்ப பின்வளவில போட்டு எரிப்பம்,” என்றார் வான் அண்ணை. சொன்னவர் தானே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தங்கச்சி மெல்ல, “தாட்டுவிட்டால்?” என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கிழமைதான் அந்த ஐயாவின் அஸ்தி கடலில் கரைந்தது. எரிக்கவும் முடியாது, புதைக்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது. உயிரோடு இருக்கிறாரென்று நாங்கள் நாள் முழுக்கப் பாடுபட்டு ஒட்டிய ஒருவருக்கு, பின்னேரம் அந்த மூன்றில் எதையும் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. அக்கா கட்டுநூலால் தாள்களைக் கட்டி, குசினி அலுமாரிக்கு மேலே வைத்தார். பிறகு பார்ப்போம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வான் அண்ணையோடு நானும் போனேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் புத்தகப் பெட்டிகளைப் பொலித்தீனால் சுற்றிப் படகின் உட்பக்க வாங்குப் பலகையில் வைத்தோம். நயினாதீவு அம்மனுக்கு அர்ச்சனைத் தட்டோடு வந்த பெண்கள் பெட்டிகளைச் சுற்றி நெருங்கி இருந்தார்கள். காற்று அடித்தது. ஒரு பெண் கேட்காமலே தன் சேலைத் தலைப்பால் பெட்டியின் மூலையை மூடிக்கொண்டார். இவருக்கும் இந்தப் புத்தகத்தில் ஒரு கை என்று நினைத்தேன்.

கிரியை முடிந்து, பந்தி முடிந்து, புத்தகம் கொடுத்தார்கள். நினைத்தபடியே எல்லாரும் பின்பக்கத்தைத் திறந்தார்கள். அம்மாவுக்கு முதல் பிரதியை நான் கொடுத்தேன். அவரும் பின்பக்கத்திலிருந்துதான் திறந்தார். கண்ணாடியைப் போடவில்லை. போடத் தேவையிருக்கவில்லை, விரல் நேராகப் பச்சைக்குப் போனது. வயது போன கண்ணை நம்பி ஒரு பொய்யை அனுப்ப நினைத்தேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிறகு அவர் விரல் தாளின் அடிக்குப் போய் நின்றது. எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் விரலுக்கு ஒரு மேடு தெரியும்.

“இது தனிய ஒட்டினதோ பிள்ளை?”

“ஓம் அம்மா.”

“எல்லாப் புத்தகத்திலயுமோ?”

“எல்லாத்திலயும்.”

“எத்தினை பேர் ஒட்டினீங்கள்?”

“அஞ்சு பேர்.”

ஏன் ஒட்டினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். விளங்கிக்கொண்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உள்ளே போய் ஐந்து சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டு வந்தார். பிறகு அடுக்கிலிருந்து ஐந்து புத்தகம் எடுத்து, பிள்ளைகளுக்கென்று ஒவ்வொன்றிலும் பென்சிலால் பெயர் எழுதச் சொன்னார். நாலு பெயர் எழுதினேன். ஐந்தாவது புத்தகத்தை என்னிடம் தராமல் தானே எடுத்துக்கொண்டு அலுமாரியைத் திறந்தார். மடித்து வைத்திருந்த ஆண்பிள்ளைச் சேட்டுகளுக்கு மேலே அதை வைத்தார்.

“இது மூத்தவன்ர,” என்றார். “தகப்பன் போனது அவனுக்குத் தெரியாதெல்லோ. வந்தால் வாசிக்கட்டும்.”

திரும்பி வரும்போது படகில் நான் அழுதேன். வான் அண்ணை கடலைப் பார்த்தபடி இருந்தார். அதற்கும் அவருக்கு நன்றி.

இப்போது எங்கள் வேலைத்தாளின் அடியில் ஒரு பெரிய கட்டம் இருக்கிறது. “வீட்டார் சொன்னது” என்று தலைப்பு. எழுதக் கை வராவிட்டாலும் எழுதுகிறேன். எழுதிவிட்டு, கையொப்பத்துக்குத் தாளை அனுப்பாமல் நானே கொண்டுபோகிறேன். சாமியறையில் செருப்பைக் கழற்றுகிறேன், கொட்டிலில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்துகிறேன், குசினியில் குந்துகிறேன். மெனக்கேடுதான். பஸ்ஸைத் தவறவிட்ட நாளும் உண்டு. ஆனாலும் இந்தப் பத்து வருடத்தில் என் வேலையை நான் கற்றது அந்த நடையில்தான். அந்த நாலு பேரும் இல்லாவிட்டால் நான் இன்னும் ஹோலில் ஒரு மேசையோடு, எல்லாம் சரியாகச் செய்துகொண்டு இருந்திருப்பேன்.

அந்தியேட்டிக்கு மறுநாள், திங்கட்கிழமை, பார்சலில் வந்த சாப்பாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டே, அம்மா ஐந்தாவது புத்தகத்தை எங்கே வைத்தார் என்பதையும் குசினியில் சொன்னேன். அக்கா பசைத் தூரிகையைக் கீழே வைத்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலே இருந்த பிழைத்தாள் கட்டை உள்ளே தள்ளிச் சுவரோடு சேர்த்து, மழை ஒழுகினாலும் படாதபடி ஒரு பொலித்தீனால் மூடினார்.

“இதை ஒருத்தரும் தொடாதேங்கோ,” என்றார் இறங்கிக்கொண்டே. “வரட்டும் அவன். வந்து தன்ர கையால கிழிக்கட்டும்.”